மூக்குச் சாட்சி

மார்ச் 3

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். வாத்தம்மாவைத் தவிர என்று சொல்ல வேண்டும், அவர் இன்னும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. துறைமுகக் கிடங்கில் உங்களுக்கு எலி பிடிக்கும் வேலை கிடைத்துவிட்டதாகப் புறா சொன்னது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் முடிவைக் கேட்காமலே நீங்கள் மதில் தாண்டிப் போய்விட்டதால், அதை எழுத்தில் தெரிவிக்கும்படி தலைவர் வான்கோழி மாமா சொன்னார். வாத்தம்மாவின் கடைக்குட்டி பஞ்சு, முதல் நீச்சலுக்கு இறங்க வேண்டிய காலையில் கூட்டில் இல்லை. பண்ணையின் மூக்குச் சாட்சி என்ற முறையில், வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு நான் முகர்ந்தேன். கூட்டில் உங்கள் வாசனை இருந்தது. அது கொதிகலன் அறைக்குப் பின்னால் நீங்கள் படுக்கும் சாக்குக்குப் போனது. சாக்கில் பஞ்சுவின் தூவி ஒட்டியிருந்தது. அங்கிருந்து வாசலுக்குப் போய், வாசலில் முடிந்தது. ஒரு பூனை ஒரு வாத்துக்குஞ்சை எதற்குத் தூக்கிப்போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை என்று மாமா சொன்னார்.

ஆகவே நீங்கள் இனிப் பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது. உங்கள் கம்பளித் துண்டைப் புறாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

மரியாதையுடன்,
மூக்கன்
மூக்குச் சாட்சி, பால்பண்ணை


மார்ச் 9

தம்பிக்கு,

வேறு அடைமொழி எதுவும் இன்று கைவசம் இல்லை. நான் நலம். நீ நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டாகிவிட்டது.

நான் எப்போதிலிருந்து உனக்கு ‘அவர்கள்’ ஆனேன்? கரிக் கொட்டகையில் கண்கூடத் திறக்காத நாய்க்குட்டியாக நீ நனைந்து கிடந்தாயே, உன்னைக் கழுத்தில் கவ்வித் தூக்கிவந்து வயிற்றோடு சேர்த்துப் படுக்க வைத்தது எந்த ‘அவர்கள்’? நாய்க்குப் பூனை அக்காவா என்று பண்ணையே வயிறு வலிக்கச் சிரித்தபோது, “ஆமா, அக்காதான், இப்ப அதுக்கென்ன?” என்று நடு முற்றத்தில் நின்று கேட்டது எந்த ‘அவர்கள்’? மரியாதையாம். அந்த மரியாதையை வான்கோழியின் தொங்குதாடையில் கட்டித் தொங்கவிடு.

கூட்டத்தில் நான் பேசியது ஒரே ஒரு வரி. “நான் செய்யல” என்றேன். அதற்கு நீ என்ன செய்தாய்? என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். கண் ஆளைப் பார்த்து இரங்கிவிடும், அதனால் சாட்சி சொல்லும்போது கண்ணை மூட வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி எழுதி வைத்துவிட்டுப் போனான். நீயும் சமர்த்தாக மூடிக்கொண்டாய்.

இப்போது ஒன்று செய். அந்தத் தடம் என் சாக்கிலிருந்து வாசல்வரை எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எழுது. அந்த வாரம் முழுக்க நான் வாசல் பக்கமே போகவில்லை. போகாத இடத்துக்கு என் வாசனை மட்டும் எப்படித் தனியாக நடந்து போகும்?

சாக்கில் தூவி எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதே. சொல்லமாட்டேன்.

கம்பளித் துண்டு வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே போர்த்திக்கொள், மழைக் குளிர் உனக்கு ஆகாது.

உன் அக்காவாக இருந்தவள்


மார்ச் 20

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ என்றே எழுதுகிறேன். அதற்காகத்தானே அவ்வளவு பெரிய கடிதம்.

எனக்கும் கோபம் வரும், தெரியுமா? நீ என் அக்கா என்பதற்காக என் மூக்கு பொய் சொல்ல வேண்டுமா? நான் கண்ணை மூடியது உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். பார்த்திருந்தால் வார்த்தையே வந்திருக்காது. தூவி எப்படி வந்தது என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம். இப்போதும் சொல்லமாட்டேன் என்கிறாய். வாத்தம்மா தினமும் குளத்தங்கரையில் போய் உட்காருகிறார். மற்ற குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஒரு தலை குறைகிறதே என்று மறுபடி மறுபடி பார்க்கிறார். அவர் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டியிருக்கிறது. நீ மதில் தாண்டிப் போய்விட்டாய்.

தடத்தைக் கேட்டாயே, இதோ. முந்தின நாள் மழை. முற்றமெல்லாம் சேறு, வழி நெடுகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் கண்ணைத் திறக்காமல் உன் வாசனையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். பண்ணையே என் பின்னால் வந்தது. அவ்வளவு தண்ணீரிலும் என் கால் ஓரிடத்தில்கூட நனையவில்லை. ஒவ்வொரு குட்டையையும் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறது அந்தத் தடம். தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நடப்பது யார் என்று நீயே சொல். வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்தில் தடம் முடிந்தது. அங்கே நீ ஏதோ ஒரு வண்டியில் எலும்பைப் போட்டிருப்பாய் என்று மாமா சொன்னார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

கம்பளித் துண்டைப் போர்த்திக்கொள்ளவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

மூக்கன்


மார்ச் 26

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு, உன் கால் எனக்குத் தேவைப்படுகிறது.

உன் கடிதத்தை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். இங்கே மேஸ்திரி ஒரு கிழட்டுக் கடுவன். அவர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, சிரிக்கிறியா, அழறியா? எதுவா இருந்தாலும் எலி ஓடிரப் போகுது” என்றார். எனக்கே தெரியவில்லை.

சொல்வதைக் கேள். அன்று காலையில் வாசலில் எந்த வண்டி நின்றது? மாட்டுக்கொட்டகையில் கேள். மாடுகள் வாசலைப் பார்த்துத்தான் படுத்திருக்கும், அசைபோடுவதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. எந்த வண்டி என்று தெரிந்ததும் அது போகும் இடத்துக்குப் போ. உடனே போ. ஏன் என்று கேட்காதே. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் விடுவிக்காமல் நான் வாய் திறக்க முடியாது. நானே போயிருப்பேன், ஆனால் பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதியவன் நீதான்.

என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொண்டு ஓர் உயிரோடு விளையாடாதே. இதைவிட விளக்கமாக என்னால் எழுத முடியாது.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நலமே. அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உத்தரவு போடுவதை நீ இன்னும் விடவில்லை. இங்கே போ, அங்கே கேள், ஏன் என்று கேட்காதே. உன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வாத்தம்மாவின் மனசை மறுபடி கிளறச் சொல்கிறாயா? ‘உயிர்’ என்று நீ எழுதியதை அவரிடம் காட்டி, அவர் நம்பி, பிறகு ஒன்றும் இல்லை என்று ஆனால், அப்போது நீ வந்து அவர் பக்கத்தில் உட்காருவாயா?

வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். யாருக்கு, எதற்கு என்று சொல்லாத வாக்கை நான் எந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் வைப்பது? எனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. இனி இதைப் பற்றி எழுதாதே.

மூக்கன்


ஏப்ரல் 28

மூக்கனுக்கு,

நான் நலமில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலமில்லை. தகரக் கூரைக்குக் கீழே சணல் தூசியில் இருமல் வந்துவிட்டது. கோபத்தில் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வேட்டையாடும்போதுகூட உன் மூஞ்சிதான் முன்னால் வந்து நிற்கிறது. பிடிபடுகிற எலிகள் பாவம்.

உனக்கு எத்தனை கடிதம் அனுப்பினேன். புறா ஒவ்வொரு முறையும் வெறும் காலோடு வந்து கூரையில் உட்கார்ந்துகொண்டு, “அவன் இல்லம்மா” என்கிறது. கீழே வந்து சொல்லச் சொன்னால் வரமாட்டேன் என்கிறது. நான் என்ன அதைக் கடித்தா தின்றுவிடுவேன்? ஒரே ஒரு முறை வாலைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் போன வாரம் நானே வந்தேன். சரக்கு வண்டியின் அடியில் தொற்றிக்கொண்டு வந்து பண்ணை மதில்மேல் ஏறினேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வான்கோழி இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவந்து, “கொலைகாரி வந்துட்டா” என்று கத்தினார். கோழிகள் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டன. அந்தக் கோழிக்குஞ்சுகள் என் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடியவை. வாத்தம்மா குளத்தங்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

நீ வாசலில் இல்லை. உன் இடம் காலியாக இருந்தது. “எங்கயோ போயிட்டான், சொல்லாமக் கொள்ளாம” என்றது எருமை. அக்கா வருகிறாள் என்று தெரிந்து ஒளிந்துகொண்டாயா? அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவாய்?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

நான் நலம். பாதமெல்லாம் வெடித்திருக்கிறது, மற்றபடி நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் கடிதங்களை எல்லாம் புறா இன்றைக்குத்தான் மொத்தமாகக் கொண்டுவந்து போட்டது. ஊரெல்லாம் என்னைத் தேடியதாம். அதுவும் என்மேல் கோபமாக இருக்கிறது.

இதை ஒரு மரமில்லின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபப்படாமல் படி. எப்படியும் கோபப்படுவாய், தெரியும்.

உனக்கு அந்தக் கடுமையான கடிதத்தை அனுப்பிவிட்டு, மாடுகளிடம் கேட்டேன். உன்னை நம்பி இல்லை. எந்த வண்டியும் நிற்கவில்லை என்று அவை சொல்லும், அதை எழுதி உன் வாயை அடைக்கலாம் என்றுதான் கேட்டேன். “மரத்தூள் வண்டிதான் நின்னுச்சு, நமக்குப் படுக்க மரத்தூள் கொட்டிட்டுப் போச்சு” என்றது எருமை. அந்த வண்டி எந்த மில்லிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியவில்லை. ஆற்றங்கரைச் சாலையில் வரிசையாக மரமில்கள். ஒவ்வொன்றாகப் போனேன். ஒன்றில் கல்லால் அடித்தார்கள், ஒன்றில் காவல் நாய்கள் துரத்தின. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றும்போதெல்லாம், அக்கா சொன்னது தப்பு என்று முழுசாகக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நேற்று மாலை இந்த மில்லுக்குள் நுழைந்தேன். ரம்பம் நின்றிருந்தது. தரையெல்லாம் மரத்தூள், காற்றெல்லாம் மரத்தூள், எனக்கு ஒரே தும்மல். பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். பலகை அடுக்குக்குக் கீழிருந்து உன் வாசனை வந்தது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் உன்னுடையது. எனக்கு முன்னால் நீயே வந்துவிட்டாய் என்று நினைத்தேன். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. “அக்கா, வெளிய வா” என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து, “அக்கா வந்திருக்காங்களா?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு. பாதி தூவி, பாதி இறகு, கழுத்து நீண்டு, அலகெல்லாம் தூசி. உன் சாக்கிலிருந்து கிழித்த ஒரு துண்டின்மேல் நின்றுகொண்டிருந்தான். அவன் உடம்பிலும் அந்தத் துண்டிலும் உன் வாசனை.

அக்கா, அந்தக் கூட்டில் நான் முகர்ந்தது உன்னை இல்லை. அவனை. தடம் முழுக்க அவனை. அவன்மேல் வாத்து வாசனை இல்லவே இல்லை, தலையிலிருந்து கால்வரை நீதான். எத்தனை நாள் உன் வயிற்றில் சுருண்டு படுத்திருந்தால் ஒரு வாத்துக்குஞ்சு இப்படிப் பூனையாக மணக்கும்? ஏன் குட்டைகளைச் சுற்றிப் போனாய் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், நீ கூட்டத்தில் நின்ற மாதிரியே. பிறகு, “தண்ணின்னா பயம். அம்மாகிட்ட சொல்லிராதீங்க. பூனையக்கா சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க” என்றான். முதல் நீச்சலுக்குப் பயந்து, தண்ணீரே இல்லாத இடத்துக்குப் போகட்டும் என்று மரத்தூள் வண்டியில் ஏறியிருக்கிறான்.

அன்றைக்கு மழை பெய்த சேறு. கண்ணைத் திறந்து ஒரே ஒரு முறை கீழே பார்த்திருந்தால், சவ்வுக் கால் தடம் வரிசையாக வாசல்வரை போயிருப்பது தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போனேன், பின்னால் வந்தவர்கள் அத்தனையையும் மிதித்து அழித்தார்கள். இந்த மூக்கைச் சுவரில் வைத்துத் தேய்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அவன் என்னோடு வரமாட்டேன் என்கிறான். அடுக்குக்குள் போய்ப் புகுந்துகொள்கிறான். “பூனையக்கா ஏன் வரல?” என்று கேட்கிறான். உன்னைத் துரத்திவிட்டோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பலகைகளை ஏற்றிப்போக லாரி வரப்போகிறது. வா.

மூக்கன்


மே 10

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. சரக்கு வண்டி கிளம்புவதற்குள் இதைப் புறாவிடம் கொடுக்கிறேன், அது எனக்கு முன்னால் வந்துவிடும்.

அவனை இழுக்காதே. கவ்வாதே. உன் வாயைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். அடுக்குக்கு முன்னால் படுத்துக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல் பார்த்துக்கொள். லாரி வந்தால் குரைத்துத் தீர். அதற்குத்தானே அந்தத் தொண்டை.

வாத்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பு, உயிரோடு இருக்கிறான் என்று மட்டும். தண்ணீர் விஷயம் உன் வாயிலிருந்து வரக் கூடாது. அதை அவனே அவன் அம்மாவிடம் சொல்வான், நான் பக்கத்தில் நிற்பேன்.

உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அங்கே குழந்தைக்கு முன்னால் பேசமாட்டேன். என்னிடமும் பேச்சுக் கொடுக்காதே.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இருமல் நின்றதா? பஞ்சு நன்றாகத் தின்கிறான். தினமும் உன்னைக் கேட்கிறான்.

நீ சொன்னபடி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வாத்தம்மாவிடம் அவனை விட்டாய், அவன் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாய், உடனே திரும்பி நடந்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வாத்தம்மா அவனை இறக்கைக்குள் வைத்துக்கொண்டு அழுதார். “தண்ணி பிடிக்கலன்னா நடந்துட்டுப் போயேன்டா. அதுக்கா வீட்ட விட்டுப் போவாங்க?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அவ எம்புள்ளைக்குக் கொடுத்த வாக்கக் காப்பாத்த கொலைகாரின்னு பேர் வாங்கியிருக்கா. நான் அவ மூஞ்சியில முழிக்காமத் திரும்பிக்கிட்டேன்” என்றார். உன்னை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறார்.

கூட்டமும் கூடியது. உன்னைப் பண்ணை மன்னித்துவிட்டதாகவும், நீ திரும்பி வரலாம் என்றும் வான்கோழி மாமா அறிவித்தார். கொதிகலன் அறைக்குப் பின்னால் உன் இடத்தைச் சுத்தம் செய்து புதுச் சாக்கு போட்டிருக்கிறேன்.

அக்கா, ஒன்றே ஒன்று. வாக்கு இருந்தது, புரிகிறது. ஆனால் என்னிடமாவது தனியாக ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே. எப்போது வருகிறாய்?

உன் தம்பி
மூக்கன்


ஜூன் 12

தம்பிக்கு,

இருமல் நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை.

மன்னித்துவிட்டார்களா? என்னையா? என்ன செய்ததற்கு? பசியில் இருந்த வாயைக் கட்டிக்கொண்டு ஒரு குஞ்சைத் தினமும் வயிற்றில் வைத்துத் தூங்க வைத்ததற்கா? அந்த மன்னிப்பை வான்கோழியே வைத்துக்கொள்ளட்டும். தாடையைப் போலவே அதுவும் அவருக்குத் தொங்கட்டும். வாத்தம்மா வரட்டும், எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அவர் பிள்ளையைத் தொலைத்தவர், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

உன்மேல்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு மூட்டையை நகத்தால் கிழித்துப் போட்டேன், மேஸ்திரி இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னேனே. “நான் செய்யல” என்று சொன்னேனே. ஊர் அதை நம்பாமல் இருக்கலாம், ஊருக்கு நான் யார்? நீ என் வயிற்றுச் சூட்டில் கண் திறந்தவன். ஒரு குட்டியை நான் என்ன செய்வேன் என்று இந்தப் பண்ணையில் உனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அந்த வார்த்தை உனக்குப் போதவில்லை. மூக்கில் பட்டால்தான் நம்புவாய். இப்போதும் என்னை நம்பி நீ அந்த மரமில்லுக்குப் போகவில்லை, என் வாயை அடைக்கப் போனாய். நீயே எழுதியிருக்கிறாய்.

புதுச் சாக்கில் வேறு யாராவது படுத்துக்கொள்ளட்டும். நான் வரமாட்டேன். பஞ்சுவைப் பார்க்க அவ்வப்போது மதில்வரை வருவேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? போன ஞாயிறு மதில்மேல் உன்னைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். பஞ்சுவோடு பேசிக்கொண்டிருந்ததால் கிட்டே வரவில்லை.

மறுநாள் பால் அறையில் ஒரு வெண்ணெய்க் கட்டியைக் காணோம். வான்கோழி மாமா கூட்டத்தைக் கூட்டினார். “பூனை வந்துட்டுப் போச்சு, வெண்ணெய் போச்சு. வேற என்ன விசாரணை?” என்றார். என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடி முகரச் சொன்னார்.

“அக்கா எடுத்திருக்கமாட்டா” என்றேன்.

“முகர்ந்து பாத்துட்டுச் சொல்லுப்பா.”

“முகர வேண்டியதில்ல.”

“அப்ப அவகிட்டயாவது கேட்டு எழுது.”

“கேக்கமாட்டேன்” என்றேன். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன். எல்லோர் முகத்தையும் பார்த்தேன். கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வாத்தம்மா மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

என்னை மூக்குச் சாட்சி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆட்டை வைத்திருக்கிறார்கள். அது முகரச் சொன்னதையெல்லாம் தின்றுவிடுகிறது. எனக்கு வாசல் காவல் மட்டும்தான், பரவாயில்லை.

இதை உன்னிடம் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. வேலை போன விஷயம் புறா வழியாக வேறு மாதிரி உன் காதுக்கு வந்துவிடக் கூடாதே என்று எழுதினேன். பதில் போட வேண்டும் என்றில்லை.

தம்பி


ஜூலை 23

அன்புத் தம்பிக்கு,

நலம். வேலை போன கவலையில் சாப்பிடாமல் கிடக்காதே, வெடித்த பாதத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவு.

கோபம் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமைச் சரக்கு வண்டியில் வருகிறேன், மதில் வழியாக இல்லை, நீ நிற்கும் வாசல் வழியாக. அந்த வான்கோழி குறுக்கே வந்தால் நீ பார்த்துக்கொள்.

வெண்ணெயை நான் எடுக்கவில்லை. நீ கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

உன் அக்கா